ஜவ்வாது மலை முகாமுக்கு டானிக் வாங்கலாமா?

கேள்வி: அடுத்த மாதம் ஜவ்வாது மலையில் குழந்தைகளுக்கான மருத்துவ முகாம். நான் டாக்டர் இல்லை, தன்னார்வலன்தான். சத்து டானிக் வாங்கிப் போகலாமா?

பதில்: டானிக் வேண்டாம் தம்பி. நான் ஓய்வுபெற்ற கிராம செவிலியர். கைச் சுற்றளவு நாடா வாங்குங்கள். 6 மாதம் முதல் 5 வயதுக்குள், 11.5 செ.மீ.க்குக் கீழே இருந்தால் கடும் ஊட்டச்சத்துக் குறைவு. உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும். இடது கை, தோளுக்கும் முழங்கைக்கும் நடுவே. நாடா சதையை அழுத்தக் கூடாது. அம்மா மடியில் வைத்தே அளங்கள், மேஜையில் ஏற்றினால் ஊரே அலறும்!

கேட்டவர்: பேதிக்குத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்கும் ஓ.ஆர்.எஸ். உப்புத்தூள் பாக்கெட்?

செவிலியர்: அதுவும்தான், ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு பாக்கெட். கூடவே துத்தநாக மாத்திரை, பேதி நின்றாலும் 14 நாள் கொடுக்க வேண்டும். நீங்கள் அன்றே இறங்கிவிடுவீர்கள். அதனால் மாத்திரை தொடர்வதைப் பார்த்துக்கொள்ள, அங்கன்வாடி டீச்சரிடம் அந்தக் குழந்தைகளின் பெயர்ப் பட்டியல் கொடுங்கள்.

கேட்டவர்: சரிக்கா. முகாம் பேனருக்கு வைத்திருந்த காசில் நாடா வாங்கிவிடுகிறேன்.