அம்மாவை இடித்த காரும் ஏ.ஆர். காப்பியில் இருந்த ஒரு வரியும்

“கேஸெல்லாம் எதுக்கும்மா, ஆஸ்பத்திரிச் செலவை நான் பார்த்துக்கிறேன்” என்றார், அம்மாவை இடித்த காரின் உரிமையாளர். நல்ல மனுஷன் என்று எங்கள் உறவுக்காரர்களே பரிந்து பேசினார்கள். அதே நேரத்தில் அவருடைய ஆள், ஆஸ்பத்திரி விபத்துப் பதிவேட்டில் ‘வழுக்கி விழுந்தார்’ என்று எழுத வைக்கப் பார்த்தார். தம்பி விடவில்லை. மேஜை பக்கத்திலேயே நின்று, ‘சாலையைக் கடக்கும்போது கார் மோதியது’ என்று வண்டி எண்ணோடு எழுத வைத்தான். ஏ.ஆர். காப்பி என்பார்களே, அது இந்தப் பதிவின் நகல்தான். பிறகு வழக்கே அந்த ஒரு வரியில்தான் நின்றது.

ஸ்டேஷனில் சி.எஸ்.ஆர். ரசீதைக் கொடுத்து அனுப்பப் பார்த்தார்கள். அது மனு வாங்கியதற்கான ரசீது, அவ்வளவுதான். பிடியாணை இல்லாமல் கைது செய்யத்தக்க குற்றம் என்று புகாரிலேயே தெரிந்தால் எஃப்.ஐ.ஆர். போட்டே ஆக வேண்டும் என்று 2013-ல் லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நகலும் புகார்தாரருக்கு இலவசம். மறுத்தால் எஸ்.பி.க்குத் தபாலில் புகார் அனுப்பலாம். நாங்கள் அந்தப் பேச்சை எடுத்த பிறகுதான் பதிவு செய்தார்கள்.

அப்புறம், காருக்கு இன்சூரன்ஸ் இருந்தால் இழப்பீட்டைக் கட்டுவது அந்த கம்பெனிதான். அது யாரும் இரக்கப்பட்டுத் தரும் காசு இல்லை. இழப்பீடு கேட்கும் மனுவையும் விபத்து நடந்த ஊரில்தான் போட வேண்டும் என்பதில்லை. நாம் குடியிருக்கும் ஊரின் மோட்டார் விபத்துத் தீர்ப்பாயத்திலேயே போடலாம்.

எனக்கு இன்னும் ஆறாத இடம் ஒன்று உண்டு. “வீட்டில்தானே இருக்கிறார், வருமான இழப்பு எங்கே வந்தது?” என்று எதிர்த்தரப்பில் கேட்டார்கள். விடியுமுன் எழுந்து சமைத்து, பேத்தியைப் பள்ளிக்கு அனுப்பி, படுக்கையில் இருக்கும் அப்பாவைத் துடைத்துவிடுவது வரை எல்லாம் அம்மாதான். அவர் படுத்த பிறகு அதற்கெல்லாம் சம்பளம் கொடுத்து ஆள் வைத்தோம். இல்லத்தரசியின் உழைப்புக்கும் மதிப்புப் போட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறது. 2021-ல் கீர்த்தி வழக்கிலும் சொன்னது. எங்கள் வக்கீல் அதை எடுத்துவைத்தார். தீர்ப்பில் அதற்கும் தொகை வந்தது.

——

அக்கா, உங்கள் பதிவில் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். என் மச்சான் அடிபட்டுக் கிடந்தபோது ஆஸ்பத்திரி வாசலிலேயே ஒருவர் வக்காலத்தில், அதாவது வழக்கை நடத்த வக்கீலுக்கு அதிகாரம் கொடுக்கும் தாளில், கையெழுத்துக் கேட்டார், ‘வருகிற தொகையில் பங்கு’ என்று. ஜெயித்தால் இத்தனை பங்கு என வக்கீல் ஒப்பந்தம் போடுவதை பார் கவுன்சில் விதிகளே தடுக்கின்றன. நாங்கள் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போனோம். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வருமானம் பார்க்காமலே இலவசமாக வக்கீல் தருவார்கள். போனில் கேட்க 15100.

——

மேலே நீங்கள் இருவரும் சொன்னது சரி. சமரசம் பேசி முடிக்கும் லோக் அதாலத்துக்கு (மக்கள் நீதிமன்றம்) அழைத்தால் மட்டும் நிதானமாகப் போங்கள். அங்கே சமரசத்தில் கையெழுத்துப் போட்டால் அதன் மேல் அப்பீல் கிடையாது. தொகை போதாது என்று பட்டால் ‘சம்மதமில்லை’ என்று சொல்லிவிட்டு எழுந்து வரலாம், வழக்கு பழையபடி தீர்ப்பாயத்தில் நடக்கும். என் அண்ணன் அப்படித்தான் எழுந்து வந்தார்.