ஜாவா கிளாஸைப் பைத்தானுக்கு மாற்ற வரிக்கு வரி போகலாமா?

புதுவிரல்:
ஜாவாவில் மாணவர் என்று ஒரு சின்ன கிளாஸ் (தரவையும் அதன் மேல் வேலை செய்யும் மெத்தடுகளையும் சேர்த்து வைக்கும் அச்சு). உள்ளே பெயர், மதிப்பெண்களுக்கு ஒரு லிஸ்ட், மதிப்பெண் சேர்க்க ஒரு மெத்தட், சராசரி சொல்ல ஒரு மெத்தட், உள்ளே இருப்பதைப் படிக்கவும் மாற்றவும் கெட்டர் செட்டர் மெத்தட் நாலு. அதை வரி வரியாகப் பார்த்துப் பைத்தானில் எழுதினேன். ஓடுகிறது. ஆனால் இரண்டாவது மாணவரை உருவாக்கியதும் அவர் லிஸ்டில் முதல் மாணவரின் மதிப்பெண்ணும் நிற்கிறது! வரிக்கு வரி மாற்றியதே தவறு என்கிறார் கூட வேலை செய்பவர். அப்படியா?

ஆணிவேர்:
அவர் சொன்னது சரி. லிஸ்டை கிளாஸ் உடம்பில், மெத்தடுகளுக்கு மேலே எழுதியிருப்பீர்கள். ஜாவாவில் அந்த இடத்தில் எழுதினால் ஒவ்வொரு ஆப்ஜெக்டுக்கும், அதாவது கிளாஸிலிருந்து உருவாக்கும் ஒவ்வொரு மாணவருக்கும், தனி லிஸ்ட். பைத்தானில் அதே இடத்தில் எழுதினால் லிஸ்ட் கிளாஸுக்குச் சொந்தம், எல்லா ஆப்ஜெக்டும் அந்த ஒன்றைத்தான் பார்க்கும். ஜாவாவில் ஸ்டாட்டிக் என்று போட்டு எல்லா ஆப்ஜெக்டுக்கும் பொதுவாக்கியது போல. ஆப்ஜெக்ட் உருவாகும்போது ஓடும் இனிட் (__init__) மெத்தடுக்குள், அந்த ஆப்ஜெக்டைக் குறிக்கும் செல்ஃபோடு (self) சேர்த்து எழுதுங்கள், சரியாகிவிடும்.

அப்புறம் அந்த நாலு கெட்டர் செட்டரைத் தூக்கிவிடுங்கள். பைத்தானில் புலத்தை (பெயர், லிஸ்ட் போன்றவற்றை) நேராகப் படிக்கலாம். நாளைக்குச் சரிபார்ப்பு தேவைப்பட்டால் அதைப் ப்ராப்பர்ட்டியாக (புலம் போலவே எழுதினாலும் பின்னால் மெத்தட் ஓடும்) மாற்றிக்கொள்ளலாம், அழைக்கும் இடத்தில் ஒரு எழுத்தும் மாறாது. 2018-இல் வந்த பைத்தான் 3.7 முதல், இனிட் மெத்தடைத் தானே எழுதித் தரும் டேட்டாகிளாஸும் இருக்கிறது. அதில் வெறும் லிஸ்டை ஆரம்ப மதிப்பாகக் கொடுத்தால் கிளாஸை உருவாக்கும்போதே பிழை காட்டி நிறுத்திவிடும். உங்களுக்கு வந்த சிக்கலே வந்திருக்காது.

நேர்கோடு:
நண்பரே, நான் இதை ஏற்கவில்லை. லிஸ்டை எங்கே வைப்பது என்று தெரியாமல் வந்த பிழை இது. வரிக்கு வரி போனதன் மேல் பழி போடாதீர்கள். மொழியையும் அமைப்பையும் ஒரே நாளில் மாற்றினால், விடை வேறாக வரும்போது எந்த மாற்றத்தால் வந்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்? முதலில் அசிங்கமாக இருந்தாலும் அப்படியே கொண்டு வாருங்கள். பழையதையும் புதியதையும் ஒரே உள்ளீட்டில் ஓட்டி ஒப்பிடுங்கள். அழகுபடுத்துவது அதற்கப்புறம்.

ஆணிவேர்:
அப்படியே கொண்டு வந்தால் அதே விடை வரும் என்பதே நம்பிக்கைதான். சராசரியை எடுங்கள். 7, 8 என்று இரண்டு மதிப்பெண். ஜாவாவில் 15-ஐ 2-ஆல் வகுத்தால், இரண்டும் இன்டிஜர் (முழு எண்) என்பதால், 7. வகுத்தலுக்கான அதே சாய்கோட்டைப் (/) பைத்தானில் போட்டால் 7.5. எழுத்துக்கு எழுத்து ஒன்று, விடை இரண்டு.

நேர்கோடு:
பைத்தானில் இரட்டைச் சாய்கோடு (//) போட்டால் 7 வந்துவிடுமே.

ஓடைக்கல்:
நடுவில் வருகிறேன். தவறான விடைக்கு மதிப்பெண் குறைக்கும் தேர்வென்றால் கூட்டுத்தொகை எதிர்மறையாகலாம். மைனஸ் 7-ஐ 2-ஆல் வகுத்தால் ஜாவா பூஜ்யத்தின் பக்கம் வெட்டி மைனஸ் 3 தரும். பைத்தானின் இரட்டைச் சாய்கோடு கீழ்ப்பக்கம் இறக்கி மைனஸ் 4 தரும். மீதியும் மாறும்: ஜாவாவில் மைனஸ் 1, பைத்தானில் 1.

இன்னொன்று. ஜாவா கிளாஸில் இரண்டு ஆப்ஜெக்ட் சமமா என்று சொல்லும் ஈக்குவல்ஸ் மெத்தட் எழுதியிருந்தால் கவனியுங்கள். அதோடு எழுத வேண்டிய ஹாஷ்கோடை (ஆப்ஜெக்டைத் தேட உதவும் எண்ணைத் தரும் மெத்தட்) மறந்திருந்தாலும் ஜாவா பேசாமல் இருக்கும், ஹாஷ்செட் என்ற தொகுப்பில் தேடும்போதுதான் பொருள் கிடைக்காமல் போகும். பைத்தானில் சமமா என்று பார்க்கும் மெத்தடை (__eq__) மட்டும் எழுதி ஹாஷை (__hash__) விட்டால் அந்த ஆப்ஜெக்டை செட்டில் போடவே முடியாது, டைப்எரர் வரும்.

நேர்கோடு:
எதிர்மறை எண்ணை நான் யோசிக்கவில்லை, அது உண்மை. ஆனால் அதைப் பிடித்துக் கொடுப்பது எது? பக்கத்தில் வைத்து ஓட்டும் ஒப்பீடுதான். 7 தவறு, 7.5 சரி என்று மொழிபெயர்ப்பவர் முடிவு செய்யக்கூடாது. அந்த 7-ஐ நம்பி வேறு ஏதாவது ஓடிக்கொண்டிருக்கலாம். அதை எழுதியவரிடம் கேட்டுவிட்டுத்தான் மாற்ற வேண்டும்.

ஆணிவேர்:
கேட்க வேண்டும், அதில் எனக்கும் சம்மதம். ஆனால் அசிங்கமாகக் கொண்டு வந்ததைப் பிறகு அழகுபடுத்துவோம் என்றால், பிறகு என்ற அந்த நாள் வருவதில்லை. ஜாவா எழுத்துநடையில் எழுதிய பைத்தான் வருடக்கணக்கில் அப்படியே கிடப்பதைப் பார்த்திருக்கிறேன். படிக்க வருகிறவருக்கு எவ்வளவு கஷ்டம்! இந்த அளவு சின்ன கிளாஸுக்கு முதலிலேயே டெஸ்ட் எழுதிவிட்டு, நேராகப் பைத்தானாகவே எழுதலாம்.

நேர்கோடு:
சின்ன கிளாஸுக்குச் சரி. நாற்பது கிளாஸ் ஒன்றையொன்று அழைக்கும் இடத்தில் நான் இப்போதும் வரிக்கு வரிதான்.

புதுவிரல்:
லிஸ்டை இனிட்டுக்குள் நகர்த்தினேன், மதிப்பெண் கலப்பது நின்றுவிட்டது. 7, 8 போட்டுப் பார்த்தேன்: ஜாவா 7, என்னுடையது 7.5. இவ்வளவு நாள் கவனிக்கவே இல்லை. எழுதியவரிடம் கேட்டேன், தசமம் வேண்டும் என்றுதான் நினைத்திருந்தாராம், ஜாவாவிலும் திருத்தப் போகிறார். கெட்டர்களை இன்னும் எடுக்கவில்லை. மைனஸ் மதிப்பெண்ணுக்கு ஒரு டெஸ்ட் எழுதிவிட்டு இன்று மாலை எடுக்கிறேன்.