ஜெட்ஸ்கி எஞ்சின் போயிட்டுது. திருத்திறதா, வேற போடுறதா? அவசரம்

உப்புவெளி_அலை (ஏப்ரல் 11, இரவு 10:42)
அண்ணாமார் ஒரு உதவி. எங்கட ஜெட்ஸ்கி எஞ்சின் போயிட்டுது. ஸ்டார்ட் பட்டனை அமத்தினா 'டக்' எண்டு ஒரு சத்தம், அவ்வளவுதான். மெக்கானிக் திருத்த 6 லட்சம் கேக்கிறார். கொழும்பில ஒராளிட்ட பழைய எஞ்சின் இருக்காம், எட்டரை சொல்லுறார். மே மாதம் சீசனுக்கு முதல் தண்ணியில இறக்கோணும். எது நல்லம்? கெதியா சொல்லுங்கோ.

கோவளம்_பையன் (10:51)
எந்த கம்பெனி, எந்த வருஷம், 2 ஸ்ட்ரோக்கா 4 ஸ்ட்ரோக்கா, எத்தனை மணி நேரம் ஓடிருக்கு? ஆயில் என்ன கலர்? கம்ப்ரஷன் (சிலிண்டர்ல அழுத்தம்) பாத்தீங்களா? ஒண்ணுமே சொல்லாம எது நல்லதுன்னு கேட்டா என்ன சொல்றது ப்ரோ.

கல்குடா_தம்பி (11:03)
பெற்றோல்தான். நூறு வீதம். கேன்ல அடிச்சு வச்சு ஊத்துறனீங்கள்தானே? அடியில தண்ணி நிக்கும். எங்கட ரெண்டு போட்டுக்கும் இதேதான் நடந்தது. டாங்கைக் கழுவிப் போட்டு அடிச்சுப் பாருங்கோ.

பினாங்கு_ஸ்கி (11:20)
பாஸ், முதல்ல சூப்பர்சார்ஜர் பாருங்க. பழைய சீ-டூ கம்பெனி சூப்பர்சார்ஜர்ல செராமிக் வாஷர் இருக்கும். அது உடைஞ்சா தூள் ஆயில்ல கலந்து எஞ்சின் முழுக்கப் போயிரும். அப்புறம் எஞ்சின் மாத்தினாலும் ஆயில் கூலர், ஹோஸ் எல்லாம் கழுவலன்னா புதுசும் காலி.

நங்கூரம் (ஏப்ரல் 12, காலை 6:15)
மாடல் தெரியாமலே ஒருவர் டாங்கைக் கழுவச் சொல்கிறார், ஒருவர் சூப்பர்சார்ஜரைக் கழற்றச் சொல்கிறார். அருமை. துபாயில் 14 வருடமாக இதே வேலைதான் பார்க்கிறேன். கேள்வி கேட்பது எப்படி என்று முகப்பிலேயே ஒரு பதிவு போட்டு வைத்திருக்கிறேன். யாரும் படிப்பதில்லை.

உப்புவெளி, இரண்டே கேள்வி. எஞ்சினைத் திறக்காமலா உங்கள் மெக்கானிக் 6 லட்சம் என்றார்? கடைசியாக ஓடிய நாள் என்ன நடந்தது?

உப்புவெளி_அலை (மதியம் 1:30)
மன்னிக்கோணும். யமஹா விஎக்ஸ்110, 2007. 4 ஸ்ட்ரோக். மீற்றர்ல 412 மணி காட்டுது, ஆனா இடையில கொஞ்ச நாள் மீற்றர் வேலை செய்யேல்ல. ஒயில் இப்பதான் பாத்தன், பால்தேத்தண்ணி மாதிரி இருக்கு. எஞ்சின் இன்னும் திறக்கேல்ல.

பினாங்கு_ஸ்கி (1:41)
ஓ, விஎக்ஸ்110ல சூப்பர்சார்ஜர் கிடையாது. சாரி லா.

கோவளம்_பையன் (1:44)
பால்தேத்தண்ணின்னா பால் போட்ட டீயா? அப்போ ஆயில்ல தண்ணி கலந்திருக்கு. இனிமே ஒரு தடவைகூட ஸ்டார்ட் பட்டனைத் தொடாதீங்க. கடைசி நாள் கதையச் சொல்லுங்க.

உப்புவெளி_அலை (3:05)
கதை ஒண்டுமில்லை. மார்ச் கடைசியில புறாத்தீவுப் பக்கம் பெற்றோல் முடிஞ்சு நிண்டுட்டுது. மீன் வள்ளத்தில கட்டி இழுத்து வந்தனாங்கள். கரையில பெற்றோல் ஊத்தி நாலைஞ்சு தரம் அடிச்சம், பிடிக்கேல்ல. பேந்து படங்கால மூடி வச்சிட்டம்.

கல்குடா_தம்பி (3:12)
பாத்தீங்களோ, பெற்றோல் எண்டு முதலே சொன்னன்.

நங்கூரம் (3:40)
பெற்றோல் இல்லாததால்தான் நின்றது. செத்தது இழுத்ததில்.

இந்த எஞ்சினுக்குத் தனியாகத் தண்ணீர் பம்ப் கிடையாது. ஓடும்போது, தண்ணீரைப் பின்னால் பீய்ச்சி வண்டியைத் தள்ளும் ஜெட் பம்பின் அழுத்தமே கடல் தண்ணீரை எஞ்சினுக்குள் தள்ளும். சுற்றி வந்த தண்ணீர் புகையோடு எக்ஸாஸ்ட் வழியே வெளியேறும். எஞ்சின் நின்ற நிலையில் வேகமாக இழுத்தால் தண்ணீர் ஏறிக்கொண்டே இருக்கும், வெளியே தள்ளப் புகை இருக்காது. எக்ஸாஸ்ட்டில் உள்ள வாட்டர் பாக்ஸ் நிரம்பி, திறந்திருக்கும் எக்ஸாஸ்ட் வால்வு வழியாக சிலிண்டருக்குள் இறங்கிவிடும். அதனால்தான் இழுக்கும்போது அந்தத் தண்ணீர்க் குழாயை கிளாம்ப் போட்டு நெரித்துவிட்டு, மணிக்கு 8 கி.மீ.க்கு மேல் போகாமல் இழுக்க வேண்டும். வள்ளக்காரர் என்ன வேகத்தில் வந்தார்?

உப்புவெளி_அலை (4:02)
25 குதிரை மோட்டர். வழமையா வாற வேகம்தான்.

நங்கூரம் (4:10)
அதன் பிறகு நாலைந்து தரம் ஸ்டார்ட்டர் அடித்தீர்கள். தண்ணீரைப் பிஸ்டனால் அமுக்க முடியாது. பிஸ்டனை கிராங்க் தண்டோடு இணைக்கும் கனெக்டிங் ராட்தான் வளையும். போதாக்குறைக்கு உப்புத் தண்ணீரோடு இரண்டு வாரம் மூடி வைத்திருக்கிறீர்கள். அன்றைக்கே ப்ளக்கைக் கழற்றி, தண்ணீரை வெளியே அடித்து, ஆயிலை இரண்டு மூன்று தடவை மாற்றி, சூடேறும் வரை ஓட்டியிருந்தால் பிழைத்திருக்க வாய்ப்பு இருந்தது.

கோவளம்_பையன் (4:31)
திட்டினது போதும் அண்ணே, பாவம். ப்ரோ, காசு குடுக்கிறதுக்கு முன்னாடி இதச் செய்யுங்க. நாலு ப்ளக்கையும் கழட்டிட்டு பின்னாடி எஞ்சினையும் ஜெட் பம்பையும் இணைக்கிற கப்ளிங்கப் புடிச்சு மெதுவா சுத்துங்க. சுத்தவே இல்லன்னா துரு புடிச்சிருச்சு. சுத்துச்சுன்னா கம்ப்ரஷன் பாருங்க. அப்புறம் ஒரு நீட்டு ப்ளாஸ்டிக் குச்சிய ப்ளக் ஓட்டையில விட்டு அளந்து பாருங்க. 2வதும் 3வதும் ஒண்ணா மேல வரும், 1வதும் 4வதும் ஒண்ணா வரும். ஜோடில ஒண்ணு மட்டும் தாழ்வா நின்னா அந்த ராட் வளைஞ்சிருக்கு. கேமரா வேணாம், ஹெட்டக் கழட்ட வேணாம்.

மண்டபம்_அவுட்போர்டு (மாலை 6:20)
தம்பி, வேற ஒண்ணும் கேக்கணும். ஓட்டி முடிச்சு நல்ல தண்ணில கழுவுவீகளா? குழாயத் தொறந்துட்டு எஞ்சின அடிப்பீகளா, அடிச்சுட்டுத் தொறப்பீகளா?

உப்புவெளி_அலை (7:15)
தண்ணியத் திறந்து போட்டுத்தான் அடிக்கிறனாங்கள். எல்லாரும் அப்பிடித்தானே?

நங்கூரம் (7:22)
கடவுளே. தலைகீழ். எஞ்சின் முதலில், தண்ணீர் பிறகு. நிறுத்தும்போது தண்ணீர் முதலில், எஞ்சின் பிறகு. இத்தனை வருடம் அது ஓடியதே அதிசயம்.

மண்டபம்_அவுட்போர்டு (7:35)
அண்ணே, இது தப்பு. தண்ணி இல்லாம மோட்டார ஓட்டுனா தண்ணி பம்புல இருக்க இம்பெல்லர் கருகிரும். இருவது வருசமா தண்ணியத் தொறந்துட்டுத்தேன் அடிக்கிறேன், ஒரு மோட்டார்கூட போகல. துபாய்ல இருந்துக்கிட்டு பிள்ளைகளக் குழப்பாதீக.

நங்கூரம் (7:41)
நான் பேசுவது ஜெட்ஸ்கி பற்றி. நீங்கள் பேசுவது எதைப் பற்றி என்று உங்கள் பெயரிலேயே எழுதியிருக்கிறது.

மண்டபம்_அவுட்போர்டு (7:44)
பேரப் பத்தி என்ன பேச்சு? எஞ்சின்னா எஞ்சின்தான்.

கோவளம்_பையன் (8:02)
ரெண்டு பேரும் சரிதான் பா. அவுட்போர்டுக்கு (படகுக்குப் பின்னாடி மாட்டுற மோட்டார்) ரப்பர் இம்பெல்லர் இருக்கு, அதனால தண்ணி மொதல்ல. ஜெட்ஸ்கில தண்ணி பம்புன்னு எதுவும் இல்ல, கருக ஒண்ணும் இல்ல. ஆனா எஞ்சின் ஓடாதப்போ தண்ணியத் தொறந்தா இழுத்துட்டு வந்தப்போ ஆன அதே கதைதான். அடிச்சு 15 செகண்டுக்குள்ள தொறந்துட்டா போதும்.

மண்டபம்_அவுட்போர்டு (8:10)
அது சரி. இத மொதல்லயே இப்படிச் சொல்லிருக்கலாம்ல. பெரியவரு மெதப்புலயே பேசுறாரு.

உப்புவெளி_அலை (ஏப்ரல் 14, மாலை 5:48)
புத்தாண்டு வாழ்த்துக்கள். சுத்துது, கரகரக்குது. கொம்பிரஷன் 1, 2, 4 மூண்டும் 150க்கு மேல. மூண்டாவது 70. குச்சி விட்டுப் பாத்தன், ரெண்டாவதை விட மூண்டாவது 4 மில்லிமீற்றர் கீழ நிக்குது.

நங்கூரம் (6:30)
ராட் வளைந்துவிட்டது. 4 மி.மீ. என்றால் சந்தேகமே இல்லை. கரகரப்பு உப்புத் துரு. ராட்டை மட்டும் மாற்றினால் கிராங்க் பேரிங்குகளை யார் பார்ப்பது? முழுதாகப் பிரிக்க வேண்டும். பிரித்த பிறகு அந்த 6 லட்சம் அங்கேயே நிற்காது. பழைய எஞ்சின் நல்லதாக இருந்தால் நான் அதைத்தான் எடுப்பேன்.

கல்குடா_தம்பி (6:52)
எட்டரை கூட. ஓடுற முழு ஸ்கியே 20க்கு வாங்கலாம். அஞ்சு லட்சத்துக்கு ஊரிலயே திருத்தித் தர ஆள் இருக்கு, நம்பர் தரட்டோ?

கோவளம்_பையன் (7:10)
கொழும்பு எஞ்சினையும் கண்ண மூடிட்டு வாங்காதீங்க. உங்க முன்னாடி ப்ளக் கழட்டி கம்ப்ரஷன் பாக்கச் சொல்லுங்க. ஆயில் மூடியத் தொறந்து பாருங்க. அதே 1052 சிசி நாலு சிலிண்டரான்னு எண்ணுங்க. 2016 மாடல்ல இருந்து விஎக்ஸ்ல வர்றது 1049 சிசி மூணு சிலிண்டர், உங்களுக்கு ஆகாது. முடிஞ்சா இசியு (எஞ்சின் கம்ப்யூட்டர்), வயரிங் சேத்துக் கேளுங்க. மாட்டுறப்போ கப்ளிங் நேர் பாத்து ஷிம் (மெல்லிசுத் தகடு) வைக்கணும், இல்லன்னா அதிர்ந்து அதிர்ந்தே பேரிங் போயிரும்.

முக்கியமா பழைய எக்ஸாஸ்ட்ட அப்படியே தூக்கி மாட்டாதீங்க. ரெட்டைச் சுவர், நடுவுல கடல் தண்ணி ஓடும். 2007 வண்டி வேற. உள்சுவர் எங்கயாவது அரிச்சிருந்தா புது எஞ்சின்லயும் தண்ணி சொட்டும். அடைச்சுட்டு காத்து அடிச்சுப் பாத்துட்டு மாட்டுங்க.

உப்புவெளி_அலை (மே 6, இரவு 11:20)
கொழும்பு எஞ்சின் எடுத்தாச்சு. ஏழே முக்காலுக்கு விட்டவர். நேற்று இறக்கினம், ஓடுது. எல்லாருக்கும் நன்றி.

நங்கூரம் (மே 7, காலை 6:05)
எக்ஸாஸ்ட்டுக்குக் காற்று அடித்துப் பார்த்தீர்களா?

பினாங்கு_ஸ்கி (9:30)
பாஸ், கழட்டின எஞ்சின் இன்னும் இருக்கா? எனக்கு இன்ஜெக்டர் நாலும் த்ராட்டில் பாடியும் வேணும். என் அண்ணன் ஜூன்ல திருகோணமலை வர்றாரு.

உப்புவெளி_அலை (மே 9, பகல் 12:15)
இருக்கு. ஹெட் தர ஏலாது, மற்றதை எடுங்கோ. மெசேஜ் போடுங்கோ.