அப்ரண்டிஸ் பையன்களுக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

புதுச்சேரி டர்னர்:
வணக்கம். மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் பத்து வருடமாக லேத் (கடைசல் இயந்திரம்) ஓட்டுகிறேன். திங்கட்கிழமை ஐடிஐ முடித்த இரண்டு பையன்கள் அப்ரண்டிஸாக வருகிறார்கள். "உன்கூடத்தான் இருப்பார்கள், பார்த்துக்கொள்" என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். எனக்கு வேலை தெரியும், சொல்லிக்கொடுத்துப் பழக்கமில்லை. என் புரொடக்‌ஷனும் குறையக்கூடாது. எதில் ஆரம்பிப்பது?

முதுநகர் பெரியவர்:
தம்பி, நான் கடலூர் சிப்காட்டில் மெஷின் ஷாப்பில் 31 வருடம் இருந்து ஓய்வு பெற்றவன். என்னைக் கேட்டால், கெடுத்த ஜாபை, அதாவது மெஷினில் கடையும் துண்டை, பையன் ஒளிக்காமல் உங்களிடம் கொண்டுவர வேண்டும். முதல் வாரத்திலேயே அந்தத் தைரியம் அவனுக்கு வந்தாக வேண்டும்.

நான் அப்ரண்டிஸாக இருந்தபோது ஒரு பம்ப் ஷாஃப்ட். விட்டம் 40 மி.மீ. வர வேண்டும், இன்னும் அரை மில்லி பாக்கி. வெட்டும் டூலை உள்ளே நகர்த்தும் கிராஸ் ஸ்லைடில் 0.5 கொடுத்து ஓட்டிவிட்டேன். அந்த லேத்தில் டயல் காட்டுவது டூல் நகரும் தூரம்; விட்டத்தில் அதைப்போல இரண்டு மடங்கு குறையும். 39.5 ஆகிவிட்டது. பயந்துபோய் ஸ்கிராப் தொட்டியில் சீவலுக்கு அடியில் புதைத்தேன். அதற்கு முன்னால் இருந்த ஒரு பட்டறையில், அளவு தப்பினால் கையில் கிடைத்ததை எடுத்து வீசுவார்கள். ஒளிக்க அங்கே கற்றதுதான்.

மறுநாள் மேஸ்திரி அதை எடுத்து வந்து துடைத்தார். மைக்ரோமீட்டரை என் கையில் கொடுத்தார்.

"எவ்வளவு குறைச்சல்?"

"0.5."

"எவ்வளவு கொடுத்தே?"

"0.5 தான் அண்ணே."

அப்புறம் அவர் ஒன்றுமே பேசவில்லை. டயலைப் பார்த்தபடியே நின்றேன், எனக்கே புரிந்தது. மேனேஜரிடம், "பக்கத்தில் நான் நின்றிருக்கணும் சார்" என்று பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டார். அன்றிலிருந்து எது தப்பினாலும் நேராக அவரிடம்தான் போவேன்.

கத்த வேண்டிய இடமும் உண்டு. ஜாபைப் பிடிக்கும் சக்கிலேயே, அதை முறுக்கும் சக் கீயை விட்டுவிட்டு சுவிட்சில் கை வைத்தால் கத்துங்கள். லேத்தில் கையுறை போட்டு நின்றாலும் அப்படியே. சுற்றும் ஜாப் கையுறையைப் பிடித்தால் கையையும் சேர்த்து இழுத்துவிடும். அளவு தப்பினால் குரலை உயர்த்தாதீர்கள்.

இன்னொன்று, "ஏன்" என்பதையும் சொல்லுங்கள். சூடாக இருக்கும்போது அளக்காதே என்றால் மறந்துவிடுவான். 50 மி.மீ. எஃகுத் தண்டு 40 டிகிரி கூடுதல் சூட்டில் ஏறக்குறைய 0.02 மி.மீ. பெருத்திருக்கும், ஆறினால் சுருங்கும். ஒரே தண்டை அப்போது ஒரு தரம், டீ குடித்து வந்து ஒரு தரம் அவனையே அளக்கச் சொல்லுங்கள்.

புரொடக்‌ஷன் கேட்டீர்கள். முதல் மாதம் குறையத்தான் செய்யும். அதை இப்போதே சூப்பர்வைசரிடம் சொல்லிவிடுங்கள். மாத முடிவில் சொன்னால் கோபம் பையன்கள்மேல் திரும்பும்.

ஃபிட்டர் பொண்ணு, கடலூர்:
ஐயா சொன்னது அத்தனையும் உண்மை. நான் இப்போதுதான் அப்ரண்டிஸ் முடித்தேன். முதல் மூன்று மாதம் டார்ச் பிடிக்கவும் டீ வாங்கவும்தான் விட்டார்கள். 1961ஆம் வருட அப்ரண்டிஸ் சட்டத்தில் நாங்கள் பயிற்சி பெறுபவர்கள் என்றுதான் இருக்கிறது. அப்புறம் வேறொரு அண்ணனிடம் மாற்றினார்கள். டிராயிங்கை என் பக்கம் திருப்பி வைத்து, "நீ படிம்மா, நான் கேக்குறேன்" என்பார். தப்பாகப் படித்தாலும் கடைசிவரை கேட்பார். தினமும் பத்து நிமிடம்தான், அதில்தான் தொழில் கற்றேன். அண்ணா, அவர்கள் செய்த வேலையை எழுதும் டைரியில் வாரா வாரம் கையெழுத்துப் போடுங்கள். மொத்தமாகப் போட்டால் எதைச் செய்தோம் என்று எங்களுக்கே நினைவிருக்காது.

புதுச்சேரி டர்னர்:
ரொம்ப நன்றி ஐயா, நன்றி தங்கச்சி. சூப்பர்வைசரிடம் இன்று பேசினேன். முதல் மாதம் கணக்கில் கொஞ்சம் விட்டுக்கொடுக்கிறேன் என்றார். ஸ்கிராப்பிலிருந்து தண்டுத் துண்டுகள் கொஞ்சம் பொறுக்கி வைத்திருக்கிறேன். பையன்கள் கெடுத்துப் பழக அது போதும். டயல் கணக்கை அதில்தான் ஆரம்பிக்கப்போகிறேன்.