கிடார் நெக்குக்கு அடியில் விசிட்டிங் கார்டு வைக்கலாமா?

வணக்கம் அண்ணன்மாரே. வீடு காசிமேட்டில். செகண்ட் ஹேண்டில் வாங்கிய எலக்ட்ரிக் கிடார், நாலு ஸ்க்ரூவில் நெக்கை (விரல் வைத்து அழுத்தும் நீளக் கழுத்து) உடலோடு முடுக்கிய ரகம். பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் (நெக்கின் குறுக்கே பதித்த உலோகப் பட்டை) தடித்த ஈ கம்பி 3 மி.மீ. உயரத்தில் நிற்கிறது. ஒரே விரலால் எல்லாக் கம்பியையும் அழுத்தும் பார் கோர்டு பிடித்தால் விரல் எரிகிறது. (உப்புக்காற்றில் கம்பி துருப்பிடிப்பது தனிக் கதை.)

முதலில் ட்ரஸ் ராட் (நெக்கின் வளைவைச் சரிசெய்ய உள்ளே ஓடும் உலோகக் கம்பி) மேல்தான் சந்தேகம். முதல் ஃப்ரெட்டையும் கடைசி ஃப்ரெட்டையும் அழுத்திக்கொண்டு பார்த்தேன். எட்டாவது ஃப்ரெட்டில் கம்பிக்கு அடியில் 0.25 மி.மீ. ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) லேசாக உரசிக்கொண்டு போகிறது. கேஜ், பைக் மெக்கானிக் மாமாவிடம் வாங்கியது. வால்வு பார்ப்பதற்கு வைத்திருக்கிறார். ஆக, நெக் வளைவு சரி. ராடைத் திருகிப் பயனில்லை. பிரிட்ஜில் கம்பியைத் தாங்கும் சாடில்களும் ஏற்கெனவே அடிமட்டத்தில். குட்டி ஸ்க்ரூக்கள் மேலே துருத்திக்கொண்டு உள்ளங்கையைக் கீறுகின்றன.

மிச்சம் நெக் சாய்வுதான். நெக் உட்காரும் உடல் குழியான பாக்கெட்டில் பிரிட்ஜ் பக்க ஓரமாக மெல்லிசாக ஒரு துண்டு வைத்தால் தலைப்பகுதி பின்னால் சாயும், கம்பி இறங்கும். அதுவரை புரிகிறது. விசிட்டிங் கார்டு போதுமா, பாக்கெட் முழுக்க உட்காரும் சரிவான மரச்சீவல்தான் வேண்டுமா? கார்டு வைத்து வருஷக்கணக்கில் வாசிக்கிறவர்கள் சொல்லுங்கள், நெக் நுனி மேலே வளைந்து கடைசி ஃப்ரெட்டுகள் மேடு தட்டுகின்றனவா?

ராயபுரம், வண்ணாரப்பேட்டை பக்கம் இந்த வேலை தெரிந்த ஆள் இருந்தாலும் சரி. கேட்ட ஒரே கடையில் "புதுசு வாங்கிடு தம்பி" என்றார்கள்.