ஜெர்மன் குடியுரிமை பெற்ற அண்ணன், ஜெர்மானிய அண்ணியுடன் சென்னையில் குடியேற விரும்புகிறார்: எந்த விசாவில் வரவேண்டும்?

கேள்வி: மந்தைவெளி வாசகி

அனைவருக்கும் வணக்கம். என் அண்ணன் கால் நூற்றாண்டுக்கும் மேலாக மியூனிக்கில் பணியாற்றி, அண்மையில் ஓய்வு பெற்றிருக்கிறார். அம்மாவுக்கு எண்பது வயது கடந்துவிட்டது. வருகிற தைப்பொங்கலுக்குப் பிறகு மந்தைவெளியில் உள்ள எங்கள் வீட்டிலேயே நிரந்தரமாகத் தங்கி, அம்மாவைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது அவருடைய விருப்பம்.

அண்ணன் 2025ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஜெர்மன் குடியுரிமை பெற்றார். அந்நாட்டில் 2024 ஜூன் மாதம் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தின்படி பழைய குடியுரிமையைக் கைவிட வேண்டியதில்லை என்று கூறிவிட்டார்களாம். ஆகவே அவருடைய இந்தியப் பாஸ்போர்ட் இன்னும் அவரிடமே இருக்கிறது. அது காலாவதியாகச் சில ஆண்டுகள் உள்ளன. அந்தப் பாஸ்போர்ட்டைக் காட்டியே மீனம்பாக்கத்தில் வந்து இறங்கலாம் என்கிறார் எங்கள் சித்தப்பா மகன். அண்ணி பிறப்பால் ஜெர்மானியர். இருவரும் அங்கேயே பதிவுத் திருமணம் செய்துகொண்டு ஏறக்குறைய ஒன்றரை ஆண்டு ஆகிறது. அண்ணிக்கு ஐந்தாண்டு இ-டூரிஸ்ட் விசா எடுத்துவிட்டு, மற்றவற்றைச் சென்னைக்கு வந்த பிறகு சாஸ்திரி பவனில் உள்ள வெளிநாட்டினர் பதிவு அலுவலகத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்பதும் அதே தம்பியின் யோசனைதான்.

இது சரியான வழிதானா? இவர்களை வீட்டில் தங்கவைக்கும் எங்களுக்கு ஏதேனும் சட்டக் கடமை உண்டா? விவரம் அறிந்தவர்கள் கூறினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதில்: வேளச்சேரி வேந்தன்

தம்பி சொல்வதில் பெரிய தவறு எதுவும் இல்லை, அம்மா. ஐந்தாண்டு விசா கையில் இருக்கும்போது அண்ணி ஏன் கவலைப்பட வேண்டும்? மூன்று மாதத்துக்கு ஒருமுறை கொழும்புக்குப் போய்விட்டு வந்தால் கணக்கு புதிதாகத் தொடங்கிவிடும். எனக்குத் தெரிந்த பலர் இப்படித்தான் காலம் தள்ளுகிறார்கள்.

பதில்: ஹாடோஸ் சாலைக்காரர்

வேந்தன் ஐயா கூறுவதை நம்பி யாரும் விமானச் சீட்டு வாங்கிவிட வேண்டாம். பயண ஆவணங்கள் தொடர்பான பணியில் நெடுங்காலம் இருந்தவன் என்ற முறையில் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் அண்ணனின் இந்தியப் பாஸ்போர்ட். ஜெர்மனி இரட்டைக் குடியுரிமையை அனுமதிக்கிறது என்பது உண்மை. இந்தியா அனுமதிப்பதில்லை என்பதும் உண்மை. 1955ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் 9ஆவது பிரிவின்படி, ஓர் இந்தியர் தன் விருப்பத்தோடு பிற நாட்டுக் குடியுரிமையைப் பெற்ற நாளிலேயே அவருடைய இந்தியக் குடியுரிமை தானாக முடிந்துவிடுகிறது. அவர் எழுதிக்கொடுத்தாரா, ஜெர்மன் அதிகாரி கேட்டாரா என்பதெல்லாம் இதில் பொருட்டே அல்ல. ஆகவே, காலாவதித் தேதி எதுவாக இருந்தாலும், அந்தப் பாஸ்போர்ட் அவர் பயன்படுத்தத்தக்க ஆவணம் அன்று. அதைக் காட்டி மீனம்பாக்கத்தில் இறங்குவது பாஸ்போர்ட் சட்டப்படி குற்றம். ஜெர்மனியில் உள்ள இந்தியத் தூதரகத்தில் அதை ஒப்படைத்து, ஒப்படைத்ததற்கான சான்றிதழைப் பெறுவதுதான் அவர் செய்யவேண்டிய முதல் வேலை. குடியுரிமை மாறிய பின்னர் அந்தப் பாஸ்போர்ட்டில் பயணம் செய்திருந்தால் அபராதமும் சேரும்; அதை மறைக்காமல் கட்டிவிடுவதே நல்லது. அந்தச் சான்றிதழ் இல்லாமல் அடுத்த கதவு எதுவும் திறக்காது.

அடுத்த கதவு ஓசிஐ அட்டை, அதாவது வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கும் அவர்களுடைய இணையருக்கும் இந்திய அரசு வழங்கும் அட்டை. 1950 ஜனவரி 26 அன்றோ அதற்குப் பிறகோ இந்தியக் குடிமகனாக இருந்தவர் என்ற தகுதியில் அண்ணனுக்கு இது கிடைக்கும். வெளிநாட்டில் விண்ணப்பித்தால் கட்டணம் 275 டாலர் அளவில் வரும். இந்தியாவில் 15,000 ரூபாய். அட்டை கைக்கு வந்துவிட்டால் ஆயுள் முழுவதும் எத்தனை முறை வேண்டுமானாலும் வரலாம், எவ்வளவு காலம் வேண்டுமானாலும் தங்கலாம், எஃப்ஆர்ஆர்ஓ எனப்படும் வெளிநாட்டினர் மண்டலப் பதிவு அலுவலகத்தில் பதிவு செய்யவேண்டியதில்லை. வாக்குரிமை போன்ற சில உரிமைகள் மட்டும் இல்லை. இங்கே வந்து விண்ணப்பித்தால் கட்டணம் குறைவுதானே என்று தோன்றலாம். ஆனால் சுற்றுலா விசாவில் வந்திருப்பவர் இந்தியாவுக்குள்ளிருந்து ஓசிஐ கேட்டு விண்ணப்பிக்க முடியாது. அதோடு, இங்கே விண்ணப்பிப்பவர் ஆறு மாதமாவது தொடர்ந்து இந்தியாவில் வசித்திருக்க வேண்டும். மிச்சமாகும் சில ஆயிரங்களுக்காக இந்த முடிச்சில் மாட்டிக்கொள்ளத் தேவையில்லை. ஜெர்மனியிலேயே முடித்துவிடச் சொல்லுங்கள்.

இப்போது அண்ணியின் விஷயம். இ-டூரிஸ்ட் விசா ஐந்தாண்டுக்குச் செல்லும் என்றால் ஐந்தாண்டு தங்கலாம் என்று பொருள் அன்று. அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஜப்பான் ஆகிய நான்கு நாட்டவருக்கு ஒரு வருகைக்குத் தொடர்ந்து 180 நாள். ஜெர்மானியர் உள்ளிட்ட மற்றவர்களுக்கு 90 நாள். இதற்கு மேல், ஒரு நாட்காட்டி ஆண்டில் எல்லா வருகைகளையும் கூட்டினாலும் 180 நாளைத் தாண்டக் கூடாது. வேந்தன் ஐயா சொல்லும் கொழும்புப் பயணம் இந்த இரண்டாவது வரம்பில்தான் போய் முட்டுகிறது. ஜனவரியில் வந்தவர், இடையில் ஒருமுறை கொழும்பு போய்த் திரும்பினாலும், ஆடி மாதத்துக்குள் ஆண்டுக்கான நாள்களைத் தீர்த்துவிடுவார். இ-விசாவை இங்கே நீட்டிப்பதோ வேறு வகைக்கு மாற்றுவதோ இயலாது என்று விதியே கூறுகிறது. பிறகு சாஸ்திரி பவனில் பார்த்துக்கொள்ள என்ன இருக்கிறது?

2025 செப்டம்பர் 1 முதல் பழைய 1946ஆம் ஆண்டு வெளிநாட்டினர் சட்டம் போய், குடியேற்றம் மற்றும் வெளிநாட்டினர் சட்டம், 2025 நடைமுறையில் இருக்கிறது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். விசாக் காலம் கடந்து தங்கினால் மூன்றாண்டு வரை சிறை, மூன்று லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே என்று அதில் எழுதப்பட்டிருக்கிறது. எல்லோரையும் சிறைக்கு அனுப்புகிறார்கள் என்று நான் அச்சுறுத்தவில்லை. ஆனால் அம்மாவுக்காகத் திரும்பி வரும் குடும்பம், அடுத்த விசா கிடைக்குமா என்ற ஐயத்தோடு நாள்களை எண்ணிக்கொண்டிருப்பது என்ன வாழ்க்கை?

அண்ணிக்கு உரியது எக்ஸ் விசா எனப்படும் நுழைவு விசா. இந்திய வம்சாவளியினரின் மனைவி என்ற முறையில் ஜெர்மனியிலேயே விண்ணப்பித்துப் பெறலாம். இணையர் என்ற வகையில் ஓசிஐ பெற, திருமணம் பதிவு செய்யப்பட்டு, விண்ணப்பிக்கும் நாளுக்கு முன் தொடர்ச்சியாக இரண்டாண்டு நிலைத்திருக்க வேண்டும். ஒன்றரை ஆண்டு என்கிறீர்கள். ஆகவே எக்ஸ் விசாவில் வந்து, இரண்டாண்டும் நிறைந்து, இங்கே ஆறு மாத வசிப்பும் கூடிய பிறகு சென்னையிலேயே ஓசிஐக்கு விண்ணப்பிக்கலாம். கணவன் மனைவி இருவரையும் நேர்காணலுக்கு அழைப்பதுண்டு. முன்கூட்டியே பாதுகாப்புச் சரிபார்ப்பும் நடக்கும். அவசரப்பட்டு ஆகக்கூடியது இதில் எதுவும் இல்லை.

பதில்: பெசன்ட் நகர் மருமகள்

மேலே எழுதிய பெரியவர் சட்டத்தைத் தெளிவாகச் சொல்லிவிட்டார். என் கணவர் பிரெஞ்சு நாட்டவர். எக்ஸ் விசாவில்தான் இங்கே முதலில் குடியேறினார். அதனால் வீட்டுப் பக்கத்து வேலைகளை மட்டும் சொல்கிறேன்.

விசா ஒட்டப்பட்டு வந்தவுடன் அதில் அச்சிட்டிருக்கும் குறிப்பை ஒரு முறைக்கு இரு முறை படியுங்கள். ஒவ்வொரு வருகையும் 180 நாளுக்கு மிகக்கூடாது என்று இருந்தால் ஒரு நடைமுறை. 14 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும் என்று இருந்தால் வேறு நடைமுறை. நிரந்தரமாகத் தங்கப்போகிறவருக்கு இரண்டாவதுதான் பொருந்தும் என்பதால், விண்ணப்பிக்கும்போதே நீண்டகாலம் தங்கும் நோக்கத்தை எழுதிவிடச் சொல்லுங்கள். பதிவு என்றால் நுங்கம்பாக்கத்தில் காலை முதல் வரிசையில் நின்ற காலம் போய்விட்டது. 2018 முதல் இ-எஃப்ஆர்ஆர்ஓ இணையதளத்திலேயே எல்லாவற்றையும் ஏற்றலாம். கூப்பிட்டால் மட்டும் நேரில் போனால் போதும்.

நீங்கள் கேட்ட வீட்டுக்காரர் கடமை உண்டு. வெளிநாட்டவர் உங்கள் வீட்டில் வந்து இறங்கிய 24 மணி நேரத்துக்குள், சி படிவம் என்று வழக்கமாகச் சொல்லப்படும் தகவலை நீங்கள் இணையத்தில் தாக்கல் செய்ய வேண்டும். ஓட்டல்களுக்கு மட்டும்தான் இந்த விதி என்று நினைத்துப் பல வீடுகளில் விட்டுவிடுகிறார்கள். பின்னர் பதிவுக்கு விண்ணப்பிக்கும்போது அந்தப் படிவத்தின் நகல் எங்கே என்று கேட்பார்கள். ஓசிஐ அட்டையில் வந்தாலும் அண்ணனுக்கும் சேர்த்தே செய்துவிடுவது நல்லது. கெடுதல் எதுவும் இல்லை.

முகவரிச் சான்றுதான் எங்களை அலைக்கழித்தது. மின் கட்டண ரசீது மறைந்த மாமனார் பெயரிலேயே ஓடிக்கொண்டிருந்தது. சென்னையில் பாதி வீடுகளின் கதை இதுதானே! ரசீதில் ஒரு பெயர், தங்கவைப்பதாகக் கடிதம் கொடுப்பவர் இன்னொரு பெயர் என்றால் விண்ணப்பம் கேள்வியோடு திரும்பி வரும். அண்ணி வருவதற்குள் மின் இணைப்பையும் சொத்து வரியையும் உயிரோடு இருப்பவர் பெயருக்கு மாற்றிவிடுங்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. நம் பக்கத்தில் குடும்பப் பெயர் கிடையாது. தகப்பனார் பெயரின் முதலெழுத்தோடு நிறுத்திக்கொள்கிறோம். அண்ணனின் பழைய இந்தியப் பாஸ்போர்ட்டில் ஒரு விதமாகவும், ஜெர்மன் பாஸ்போர்ட்டில் தகப்பனார் பெயர் குடும்பப் பெயராகவும், திருமணச் சான்றிதழில் மூன்றாவது விதமாகவும் எழுதப்பட்டிருக்க வாய்ப்பு மிகுதி. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். வேறுபாடு இருந்தால் மூவரும் ஒருவரே என்ற உறுதிமொழிப் பத்திரத்தைத் தூதரகம் கேட்கும் வடிவில் முன்னதாகவே தயாரித்துக்கொள்ளுங்கள்.

மறுமொழி: மந்தைவெளி வாசகி

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. எங்கள் வீட்டு மின் இணைப்பும் அப்பா பெயரில்தான் இருக்கிறது. படித்ததும் என் கணவர் சிரித்துவிட்டார். அண்ணனிடம் பேசினேன், பாஸ்போர்ட்டை ஒப்படைக்க நேரம் பதிவு செய்வதாகச் சொல்லியிருக்கிறார். இன்னும் இரண்டு ஐயங்கள். அண்ணிக்குச் சென்னையில் ஜெர்மன் மொழி கற்பிக்கும் எண்ணம் இருக்கிறது, அது முடியுமா? மன்னார்குடிக்கு அருகே அப்பா விட்டுச்சென்ற நன்செய் நிலத்தில் அண்ணனுக்கும் பங்கு உண்டு. வெளிநாட்டுக் குடிமகனாகிவிட்டதால் அந்தப் பங்கு போய்விடுமா?

பதில்: தி.நகர் கணக்கர்

நிலத்துக்கும் வரிக்கும் நான் பதில் சொல்கிறேன். பங்கு எங்கும் போகாது. ஓசிஐ அட்டை வைத்திருப்பவர் விளைநிலமோ தோட்டப்பயிர் நிலமோ பண்ணை வீடோ விலைக்கு வாங்கத்தான் முடியாது. தகப்பனார் வழியில் வரும் பங்கை வாரிசாகப் பெறலாம், வைத்துக்கொள்ளலாம். பின்னாளில் நன்செயை விற்பதானால் இந்தியாவில் வசிக்கும் இந்தியக் குடிமகனுக்குத்தான் விற்க வேண்டும். சென்னையில் அடுக்குமாடி வீடு வாங்குவதற்குத் தடை இல்லை.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவைக்கிறேன். விசாவுக்கு எண்ணும் நாளும் வருமான வரிக்கு எண்ணும் நாளும் வேறு வேறு. விசாவுக்கு ஜனவரி முதல் டிசம்பர். வரிக்கு ஏப்ரல் முதல் மார்ச். தைக்குப் பிறகு வந்து இறங்கினால், மார்ச் முடிய இரண்டரை மாதம்கூட ஆகாது. முந்தைய நான்கு நிதியாண்டுகளில் மொத்தம் 365 நாள் இந்தியாவில் தங்கியிராத வரை, அந்த நிதியாண்டில் அண்ணன் வெளிநாட்டில் வசிப்பவராகவே கருதப்படுவார். அடுத்த ஆண்டு 182 நாளைத் தாண்டியதும் இங்கே வசிப்பவர் ஆகிவிடுவார். ஆனாலும், முந்தைய பத்து ஆண்டுகளில் ஒன்பது ஆண்டு வெளிநாட்டில் வசித்தவருக்கு இடைப்பட்ட ஒரு நிலை உண்டு. முதல் இரண்டு ஆண்டு அந்த நிலையில் இருக்கும்போது, அவருடைய வெளிநாட்டு வருமானத்துக்குப் பெரும்பாலும் இங்கே வரி வராது. மியூனிக்கில் வைப்பு நிதியையோ பங்குகளையோ விற்பதாக இருந்தால் அதற்குள் முடிவெடுப்பது புத்திசாலித்தனம். வங்கிகளுக்கும் குடியுரிமை மாற்றத்தைத் தெரிவிக்க வேண்டும்.

பதில்: ஹாடோஸ் சாலைக்காரர்

மொழி கற்பிப்பது பற்றி: எக்ஸ் விசாவில் இருக்கும் வரை அண்ணி சம்பளத்துக்கு வேலை பார்க்கக் கூடாது, வீட்டில் கட்டணம் வாங்கிக்கொண்டு வகுப்பு எடுப்பதையும் தவிர்ப்பதே முறை. ஏதேனும் நிறுவனம் முன்வந்தால் வேலை விசா இருக்கிறது. அதற்கு ஆண்டுக்கு 16.25 லட்சம் ரூபாய் சம்பளம் வேண்டும் என்பது பொது விதியானாலும், ஆங்கிலம் தவிர்த்த பிற மொழி ஆசிரியர்களுக்கு அந்த வரம்பிலிருந்து விலக்கு உண்டு. ஜெர்மன் ஆசிரியர்களுக்கு அது பொருந்தும். ஆனால் அந்த விசாவை நிறுவனத்தின் கடிதத்தோடு ஜெர்மனியிலிருந்தே வாங்கிவர வேண்டும். வேலை போனால் விசாவும் போகும். என்னைக் கேட்டால், ஓசிஐ வரும் வரை பொறுத்திருப்பதே மேல். அட்டை வந்த பிறகு மொழி வகுப்புக்குத் தனி அனுமதி தேவையில்லை. பத்திரிகைப் பணி, ஆய்வு, மதப் பரப்புரை, மலையேற்றம் போன்றவற்றுக்குத்தான் 2021 அறிவிக்கையின்படி ஓசிஐ உள்ளவர்களும் சிறப்பு அனுமதி வாங்க வேண்டும்.

அண்ணனின் ஓசிஐ தைக்குள் வராமல் போகவும் கூடும். அம்மாவின் உடல்நிலை காரணமாகக் காத்திருக்க முடியாது என்றால், அவரும் அண்ணியைப் போலவே எக்ஸ் விசாவில் வந்துவிடலாம். அவருக்கும் அதற்குத் தகுதி உண்டு. பாஸ்போர்ட்டை ஒப்படைத்த சான்றிதழின் நகலை விண்ணப்பத்தோடு இணைக்க வேண்டியிருக்கும் என்பதால், முதல் வேலை எப்படிப் பார்த்தாலும் அதுதான்.