பழைய சிறுவர் தொலைக்காட்சியில் நாட்டுப்புறப் பாடகர் விருந்தினராக வந்த நாள்: உங்கள் அனுபவங்கள்

மழலையர் வகுப்பு ஆசிரியை:

அமெரிக்க நாட்டுப்புறப் பாடகி எலா ஜென்கின்ஸ், மிஸ்டர் ராஜர்ஸ் நடத்திய சிறுவர் தொலைக்காட்சி நிகழ்ச்சிக்கு விருந்தினராக வந்த பகுதிகளை இங்கே பலரும் பார்த்திருப்பீர்கள். ஆகவே என் வகுப்பில் நடந்ததற்கே நேராக வந்துவிடுகிறேன். அப்பகுதி ஒன்றை வகுப்பில் போட்டுக் காட்டினேன். பள்ளி தொடங்கி மூன்று மாதமாகியும் ஒரு சொல்கூடப் பேசாத நான்கு வயதுச் சிறுவன் ஒருவன், மற்றவர்களிடமிருந்து தள்ளிச் சுவரோரமாக உட்கார்ந்திருந்தான். திரையில் எலா ஜென்கின்ஸ் ஓரடி பாடி நிறுத்துவார், கேட்பவர்கள் அதை வாங்கிப் பாட வேண்டும். 1957இல் வெளிவந்த முதல் இசைத்தட்டிலிருந்தே அவருடைய முறை அதுதான். மற்றப் பிள்ளைகள் உடனுக்குடன் வாங்கிப் பாடினார்கள். அவன் பாடவில்லை. அடுத்த பாட்டு தொடங்கிவிட்ட பிறகு, முந்தைய பாட்டின் அடி அவன் வாயிலிருந்து, மூச்சைவிடச் சற்றே உரத்த குரலில் வந்தது. நான் மகிழ்ச்சி தாங்காமல் அவன் பெயரைச் சொல்லி, "எவ்வளவு அழகாகப் பாடினாய்!" என்று கூவிவிட்டேன். பதினெட்டுத் தலைகள் ஒன்றாகத் திரும்பின. அவன் வாயை மூடிக்கொண்டான். அந்த ஆண்டு முடியும்வரை என் வகுப்பில் அது திறக்கவில்லை. திரையில் இருந்தவர் காத்திருந்தார், பக்கத்தில் இருந்த நான் காத்திருக்கவில்லை என்பது நான்கு ஆண்டுகளாக என்னை உறுத்துகிறது.

ஓய்வுபெற்ற ஒலிப்பதிவாளர்:

என்னிடமும் அதே பிழை உண்டு, ஆசிரியை அவர்களே. ஆனால் அதைத் திருத்தியவள் என் பேத்தி. செசமி ஸ்ட்ரீட் என்ற அமெரிக்கச் சிறுவர் நிகழ்ச்சிக்கு நாட்டுப்புறப் பாடகர் பீட் சீகர், பாஞ்சோ என்ற நரம்பிசைக் கருவியுடன் வந்த பகுதியை அவளுக்குப் போட்டுக் காட்டினேன். அந்த இடத்தில் வந்து நிற்பதற்கு முன் அந்த மனிதர் பட்டதெல்லாம் என் மனத்தில் ஓடியது: 1955இல் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் தம் அரசியல் நட்புகளைப் பற்றிப் பேச மறுத்தது, 1961இல் விதிக்கப்பட்ட ஓராண்டுச் சிறைத்தண்டனை, அது 1962இல் மேல்முறையீட்டில் ரத்தானது, பெரிய அலைவரிசைகள் 1967 வரை அவரை ஒதுக்கி வைத்திருந்தது, அந்த இடைவெளியில் சிறிய உள்ளூர் நிலையம் ஒன்றில் கறுப்பு வெள்ளையில் 39 நிகழ்ச்சிகளை அவரே நடத்தியது. இவற்றை ஐந்து வயதுக் குழந்தையிடம் சொல்லத் தொடங்கினேன். சீகர் அடுத்த அடியை வேகமாகச் சொல்லிக் கொடுத்துவிட்டு, முகவாயை உயர்த்திக் கூட்டத்தைப் பாட அழைப்பார் அல்லவா, அந்த நொடியில் அவள் தன் உள்ளங்கையால் என் வாயைப் பொத்தினாள். பாட வேண்டிய முறை அவளுக்கு வந்திருந்தது. அந்தச் சிறு கையின் சூட்டை இப்போதும் உதட்டில் உணர்கிறேன்.

இரு பிள்ளைகளின் தந்தை:

ஐயா, பேத்தியின் கதை நெஞ்சைத் தொட்டது. ஆனால் செசமி ஸ்ட்ரீட்டை இந்த வரிசையில் சேர்ப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. 1969இல் அது தொடங்கியபோதே விளம்பரப் படங்களின் வேகத்தைக் கடனாகப் பெற்று எண்ணையும் எழுத்தையும் கற்பித்த நிகழ்ச்சி அது. அதற்கு ஓராண்டு முன்னர் அமெரிக்கா முழுவதும் ஒளிபரப்பாகத் தொடங்கிய மிஸ்டர் ராஜர்ஸோ, ஒரு நிமிடம் என்பது எவ்வளவு நீளம் என்று காட்டுவதற்காக முட்டை வேகவைக்கும் கடிகாரத்தைத் திருகி வைத்துவிட்டு, அது ஓடி முடியும்வரை பேசாமல் அமர்ந்திருந்தவர். அப்படிப்பட்டவரின் நிகழ்ச்சிக்குள் வரும்போதுதான் நாட்டுப்புறப் பாட்டு மூச்சுவிடும். என் மூத்த மகள் அந்த ஒரு நிமிடம் முழுவதும் தன் காலணியின் நாடாவை அவிழ்த்துக் கட்டியபடி இருந்தாள், ஒரு முறைகூட என்னைப் பார்க்கவில்லை. வேகமான நிகழ்ச்சி எதன் முன்னும் அவள் அவ்வாறு இருந்து நான் கண்டதில்லை.

குழந்தை வளர்ச்சி பயிலும் மாணவி:

தந்தையார் கூறுவது முழுக்கச் சரியன்று. செசமி ஸ்ட்ரீட்டின் ஆய்வுப் பிரிவை நடத்திய எட்வர்ட் பால்மர், குழந்தையை ஒரு தொலைக்காட்சிப் பெட்டியின் முன் அமர்த்தி, அருகிலேயே ஏழரை விநாடிக்கு ஒரு முறை மாறும் படங்களைத் திரையிட்டு, அதன் கண் எப்போது நிகழ்ச்சியை விட்டு விலகுகிறது என்று குறித்து வந்தார். அந்தச் சோதனையிலிருந்து பரபரப்பான காட்சிகள் மட்டுமே பிறந்தன என்று நினைப்பது தவறு. ஜேம்ஸ் எர்ல் ஜோன்ஸ் என்ற நடிகர் ஆங்கில அகரவரிசையை மிக மெதுவாக, ஒவ்வோர் எழுத்துக்கும் இடையே நீண்ட இடைவெளி விட்டுச் சொல்லும் பகுதி ஒன்று உண்டு. முதல்முறை பார்க்கும் குழந்தைகள் அவர் சொன்ன பிறகு சொன்னார்கள். பலமுறை பார்த்தபின் எழுத்து தோன்றியதும் அவரை முந்திக்கொண்டு சொன்னார்கள். பின்னர் எழுத்து தோன்றுவதற்கு முன்பே சொல்லிவிட்டார்கள். இதற்கும் எலா ஜென்கின்ஸ் பாடி நிறுத்துவதற்கும் என்ன வேறுபாடு? என் அண்ணன் மகள் அந்தப் பகுதியைப் பார்த்தபோது, அவருடைய உதடு அசைவதற்கு முன் அவள் உதடு அசைந்ததையும், தான் முந்திவிட்டதை உணர்ந்து அவள் கண் விரிந்ததையும் நான் நேரில் பார்த்தேன்.

கைக்குழந்தையின் தாய்:

நீண்ட நேரம் எழுத இயலாது. 1977இல் செசமி ஸ்ட்ரீட்டில் நாட்டுப்புறப் பாடகி பஃபி செயின்ட் மேரி தம் மகனுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருக்க, அந்நிகழ்ச்சியின் பொம்மைப் பாத்திரமான பெரிய மஞ்சள் பறவை அருகில் வந்து என்ன செய்கிறீர்கள் என்று கேட்கும் காட்சியை, என் மகன் பிறந்த மூன்றாம் வாரத்தில் நள்ளிரவில் பார்த்தேன். அவர் ஆடையைச் சரிசெய்துகொள்ளவில்லை, குரலைத் தாழ்த்தவும் இல்லை. எல்லாத் தாய்மாரும் இப்படி ஊட்டுவதில்லை, ஆனால் பலர் ஊட்டுகிறார்கள் என்ற பொருளில் அமைதியாகப் பதில் சொன்னார். பறவையும் மேலே துருவிக் கேட்கவில்லை. பால் இறங்காமல் அழுதுகொண்டிருந்த எனக்கு, அன்று வரை எவரும் அவ்வளவு நிதானமாக எதையும் சொல்லியிருக்கவில்லை.

இசைப் பயிற்சி அளிப்பவர்:

எனக்கு நேர்ந்தது சிறிது: யூகுலேலி என்ற சிறிய கிட்டார் போன்ற கருவியுடன் எலா ஜென்கின்ஸ் பாடிய பகுதியைப் பார்த்த மாணவன் ஒருவன், "இவருக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்?" என்று கேட்டான், எனக்கு உடனே பதில் வரவில்லை. முறையான இசைப் பயிற்சி இல்லாமல், மாமா வாசித்த மவுத் ஆர்கனையும், ஜாஸ் பாடகர் கேப் கேலோவே மேடையிலிருந்து கூவ அரங்கமே திருப்பிக் கூவியதையும் கேட்டே வளர்ந்தவர் அவர் என்பதைப் பின்னர்தான் அறிந்தேன். ஆகவே இங்குள்ள ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் சில சொற்கள். இத்தகைய பகுதியைக் காட்டும்போது குழந்தைக்கு எதிரே அமராமல் பக்கத்தில், அதே உயரத்தில், திரையைப் பார்த்து அமருங்கள். பாடகர் நிறுத்தும் இடத்தில் முதலில் நீங்கள் பாடாதீர்கள், குழந்தை பாடினால் மட்டும் தாழ்ந்த குரலில் சேர்ந்துகொள்ளுங்கள். ஒரே பகுதியைப் பத்து நாள் தொடர்ந்து காட்டுவதற்குத் தயங்காதீர்கள். பெரியவர்களுக்குச் சலிப்பூட்டும் அந்தத் திரும்பத் திரும்ப வருதலே குழந்தைக்கு அடுத்து வருவது இன்னது என்ற துணிவைத் தருகிறது. பதினோராம் நாள் படத்தை அணைத்துவிட்டு ஒலியை மட்டும் வையுங்கள். பிறகு ஒலியையும் அணைத்துவிட்டு, முதல் அடியை நீங்களே, சுருதி சேராவிட்டாலும் சரி, பாடி நிறுத்துங்கள். பாராட்டை அன்றைக்குச் சொல்ல வேண்டாம். வேண்டுமானால் மறுநாள் அதே பாட்டை மீண்டும் தொடங்குவதே பாராட்டாகட்டும்.

மழலையர் வகுப்பு ஆசிரியை:

மறுநாள் வரை பொறுத்திருக்கலாம் என்று அன்று யாராவது எனக்குச் சொல்லியிருக்கலாம், ஐயா. மாணவிக்கு ஒன்று சொல்ல வேண்டும், அம்மா. கண் எங்கே இருக்கிறது என்று குறித்துக்கொள்ளும் அந்தச் சோதனையைப் பற்றிப் படித்ததும் எனக்கு நினைவுக்கு வந்தது இது. ஏழரை விநாடியில் அந்தச் சிறுவன் பதில் தரவில்லை, அடுத்த பாட்டு பாதி ஆன பிறகே தந்தான். அப்போது அவன் கண் திரையில் இல்லை. சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தான்.